லேத்திலிருந்து சிஎன்சிக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியே தலை நரைத்தவர்கள் இப்போது கணினி வழி இயங்கும் சிஎன்சி மெஷினைச் செல்போனில் படிக்கிறார்கள். எங்கள் தெரு அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து, யூடியூபை நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதுகிறார்: எம்03 – ஸ்பிண்டில் சுற்று, எம்05 – நிறுத்து, எம்30 – புரோகிராம் முடிந்தது. இத்தனை வருஷம் விரலுக்குத் தெரிந்ததை இனி எண்ணாக எழுத வேண்டும்.

டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை ‘தொழில் 4.0’ மையங்களாக்கியது தமிழக அரசு. நல்ல வேலை, பசங்களுக்கு. ஐம்பது வயதுக்காரருக்கு?

ஐஐடிகளின் என்பிடெல் இணையப் பாடங்கள் இலவசம்தான் (தேர்வுக்குத்தான் காசு). நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர் எப்போது பார்ப்பது? மெஷினுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிற முதலாளி, அதை ஓட்டப் படிக்கிற நேரத்துக்கும் சம்பளம் தரட்டுமே.

அண்ணனிடம் சொன்னேன். “மொதல்ல ஓவர்டைம் காசக் குடுக்கட்டும்பா” என்றார்.