சான்றுப் பொருள்: ஒரு ரப்பர் வார்

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங் முடித்து மேலே வந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு, படகை நோக்கி நீந்தும்போது வலது காலின் ஃபின் கழன்றுபோனது. குதிகாலைச் சுற்றிப் பிடித்திருந்த ரப்பர் வார் அறுந்துவிட்டது. நீரோட்டமோ எதிர்த்திசையில். ஒற்றை ஃபினை வைத்துக்கொண்டு இடது காலாலேயே உதைத்து உதைத்துக் கெண்டைக்கால் தசை கிழிந்தது. படகிலிருந்து கயிறு வீசி இழுத்துப் போட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வாரக்கணக்கில் வகுப்பில் நிற்க முடியவில்லை. மருத்துவச் செலவு, சம்பள இழப்பு எல்லாம் சேர்ந்துகொண்டன.

என் கட்சிக்காரரான அவர் சென்னைவாசி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இது கிடையாது. காலில் கட்டோடு இருப்பவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதுச்சேரிக்கு அலைய வைக்காத இந்தப் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

வழக்கின் உயிர்நாடி ஒரு ரசீது. உடன் டைவ் செய்தவர் கழன்ற ஃபினைப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். கரைக்கு வந்ததும் அறுந்த வாருக்கு ஆசிரியையிடமே விலை வாங்கி, ‘ஃபின் ஸ்ட்ராப் சேதம்’ என்று தேதியோடு ரசீதும் கொடுத்தது ஃபினை வாடகைக்கு விட்ட டைவிங் மையம். காசு கொடுத்தாகிவிட்டது, பொருள் என்னுடையது என்று அவர் வாரைக் கையோடு எடுத்துவந்தார். அன்று அறுந்தது இதே வார்தானா என்ற கேள்விக்கே அதன் பிறகு இடமில்லை.

எதிர்தரப்பு இரண்டு வாதங்களை வைத்தது. அவர் அளவுக்கு மீறி இறுக்கியதால்தான் வார் அறுந்தது என்பது ஒன்று. சாதனங்களைச் சரிபார்த்துக்கொண்டேன், எந்த விபத்துக்கும் மையம் பொறுப்பல்ல என்ற படிவத்தில் அவர் கையெழுத்திட்டிருக்கிறார் என்பது இன்னொன்று. அந்தப் படிவத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தாக்க எனக்கு ஆசைதான். ஆனால் அந்த வகைப் புகாரை மாநில நுகர்வோர் ஆணையத்தில்தான் போடவேண்டும், மாவட்ட ஆணையம் எடுக்காது. அதனால் வாதத்தைச் சுருக்கினேன்: கடலின் ஆபத்தை ஏற்றுக் கையெழுத்திட்டவர், வாடகைப் பொருளின் பழுதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

மீதமிருந்தது, இறுக்கியதால் அறுந்ததா, பழசாகி அறுந்ததா என்பதுதான். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ரப்பர் நிபுணரிடம் வாரைக் காட்டினேன். அவர் அதை வெளிப்பக்கமாக மடித்தார். நேராக இருந்தபோது வழுவழுப்பாகத் தெரிந்த ரப்பரில், பக்கிளுக்குள் நுழைந்து திரும்பும் இடத்தில் வரிவரியாக விரிசல்கள் வாயைத் திறந்தன. எல்லாம் வாரின் குறுக்கே ஓடியவை. காற்றிலுள்ள ஓசோன் இயற்கை ரப்பரைத் தாக்கும். ஆனால் இழுவிசையில் இருக்கும் ரப்பரில்தான் இப்படி விரிசல் விழும், அதுவும் இழுக்கும் திசைக்குக் குறுக்காகத்தான் விழும் என்று விளக்கினார். டயரின் பக்கச் சுவரைக் காக்க மெழுகும் ஓசோன் தடுப்பு ரசாயனமும் சேர்ப்பதுகூட இதற்காகவே. ஒரே ஒரு இழுப்பில் அறுந்த வாரில் இத்தனை விரிசல்கள் வர வழியில்லை. நாள்கணக்காக இழுபட்டே கிடந்த வார் இது என்றார்.

எங்கே இழுபட்டுக் கிடந்தது? மையமே தன் விளம்பரத்துக்காக இணையத்தில் போட்டிருந்த படம் பதில் சொன்னது. வெயில் அடிக்கும் சுவரில் ஆணிகள். ஆணிக்கு ஒன்றாக, வாரைப் பிடித்துத் தொங்கும் ஃபின்கள். பாரம் முழுவதும் வாரில். மின்னணுச் சான்றுக்கான சான்றிதழோடு அந்தப் படத்தைத் தாக்கல் செய்தேன். ஆணையம் வாரை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியது. அறுபட்ட முகத்தில் பெரும்பகுதி பழைய விரிசல், உப்பும் அழுக்கும் படிந்தது. ஓரத்தில் மெல்லிய ஒரு பட்டை மட்டுமே புதிதாகக் கிழிந்தது என்று அறிக்கை வந்தது.

இறுதி வாதத்தின்போது உறுப்பினர் ஒருவர் அருமையான கேள்வி கேட்டார்: வாடகைக் கடைகள் ஏன் உறுதியான வாராகப் பார்த்துப் போடுவதில்லை? துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் வார் அறுவது அபூர்வம். ஈரக் கையோடு பக்கிளை இறுக்கவும் வேண்டாம், குதிகாலுக்கு மேல் இழுத்து விட்டால் போதும். ஆனால் அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. காலுக்கும் டைவிங் பூட்ஸுக்கும் அளவு பார்த்து வாங்கவேண்டும். பல பேர் கால் நுழையும் வாடகை ஃபினுக்குப் பக்கிள் வைத்த ரப்பர்தான் தோது. சிலிகான் வாரை ஓசோன் ஒன்றும் செய்யாது, ஆனால் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழுந்தால் அங்கிருந்தே கிழிந்துபோகும். ஸ்பிரிங்குக்கும் பராமரிப்பு உண்டு: சுருளுக்குள் உப்புநீர் தங்கி உலர்ந்தால் நல்ல எஃகும் அரிக்கும்; நல்ல தண்ணீரில் அலசியே ஆகவேண்டும். ரப்பரைப் போட்டது குற்றமில்லை, அதைக் கவனிக்காமல் விட்டதுதான் சேவைக் குறைபாடு என்றேன்.

அலசி நிழலில் உலர்த்துவது, தொங்கவிடாமல் கிடத்தி வைப்பது, பக்கிளைத் தளர்த்தி வைப்பது, ஒவ்வொரு வாடகைக்கும் முன் வாரை மடித்துப் பார்ப்பது: இதில் எதற்கும் மையத்திடம் பதிவேடு இல்லை. எந்த வாரை எப்போது மாற்றினோம் என்று ஒரு வரிகூட அவர்களால் காட்ட முடியவில்லை.

சேவைக் குறைபாடு நிரூபணமானது என்று ஆணையம் தீர்ப்பளித்தது. மருத்துவச் செலவும் வழக்குச் செலவும் முழுதாகக் கிடைத்தன. இழப்பீட்டில் மட்டும் ஒரு பகுதியைக் குறைத்தார்கள். பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர் தண்ணீரில் இறங்குமுன் தானும் வாரை இழுத்துப் பார்த்திருக்கவேண்டும் என்பது காரணம். என் கட்சிக்காரருக்கு அது மனத்தாங்கல். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மேல்முறையீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேல்முறையீட்டுக்கான 45 நாள்களுக்குள் எதிர்தரப்பும் பணத்தைக் கட்டிவிட்டது.

காசோலையைக் கொடுத்த அன்று எதிர்தரப்பு வழக்கறிஞர் ஒரு பதிவேட்டு மாதிரி கேட்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்: ஃபின் எண், வார் மாட்டிய தேதி, மடித்துப் பார்த்த தேதி, பார்த்தவர் கையெழுத்து. கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: விரிசல் தெரிந்தால் அந்த வாரை அங்கேயே வெட்டிப் போடவும், உதிரியாகக்கூட எடுத்து வைக்கவேண்டாம்.