ஆடி மாதத்தில் பீரோ திறக்கவில்லையா?

தை மாதத்தில் சீராக வந்த தேக்கு பீரோ, ஆடி பிறந்ததும் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் கெட்ட பெயர் யாருக்கு? பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான்! 'மட்ட மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்' என்று மாமியார் சொல்ல, புது மருமகள் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக் கொள்வாள். எங்கள் உறவிலேயே இது நடந்தது.

பீரோ செய்தது திருவேங்கடத்தில். கரிசல் பூமி, பங்குனி வெயிலில் உலர்த்திய புடவை கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். பெண்ணின் புகுந்த வீடு தென்காசி. இரண்டும் ஒரே மாவட்டம். ஆனால் காற்று ஒன்றல்லவே! குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் தென்காசியில் அப்பளம்கூட நமுத்துப் போகிறது. மரம் மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, வெயிலில் சுருங்குகிறது.

இதில் ஒரு விசேஷம் கேளுங்கள். பலகை நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. அகலத்தில்தான் சேஷ்டை எல்லாம். அதிலும் மரத்தின் வளையத்தை ஒட்டி அறுத்த பலகை, வளையத்துக்குக் குறுக்கே அறுத்ததைவிடச் சுமார் இரண்டு மடங்கு அசையும். சாதுவான மரம் என்று பெயர் வாங்கிய தேக்கே, மூன்றடி அகலப் பலகையில் ஈரம் 6 சதவீதம் ஏறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் விரியக்கூடும்.

கடைசியில் ஒரு வயதான ஆசாரியை அழைத்து வந்தார்கள். கதவைத் தட்டிப் பார்த்தவர், "மரம் அசல் தேக்குதாம்மா. அது நகர இடம் விடாம ஒட்டிப்புட்டாங்க" என்றார். மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கதவின் சட்டத்தில் காடி வெட்டி, நடுப்பலகையைப் பசையில்லாமல் செருகி, ஓரங்களில் கொஞ்சம் இடம் விட வேண்டும். பாட்டி காலத்துக் கதவுகளில் சட்டமும் பலகையுமாக இருப்பது அழகுக்கு மட்டும் என்றா நினைத்தீர்கள்? இங்கே பலகையை நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கியிருந்தார்கள். அது உப்பியபோது சட்டத்தையே நெட்டித் தள்ளிவிட்டது. ஆசாரி சட்டத்தைப் பிரித்து, பலகையின் ஓரத்தை இழைத்து, பசையில்லாமல் மறுபடி கோத்தார்.

கதவு இறுகினால் ஆடியிலேயே விளிம்பைச் சீவித் தள்ளச் சொல்லாதீர்கள். பங்குனியில் அந்த இடுக்கு வழியே கரப்பான் பூச்சி குடித்தனம் வந்துவிடும்! வார்னிஷ் பூசினால் ஈரம் மெதுவாக ஏறும், ஏறாமல் இருக்காது.

சாப்பாட்டு மேஜை வாங்கப் போகிறீர்களா? கூச்சப்படாமல் குனிந்து அடியில் பாருங்கள். மேல் பலகையைக் காலோடு பிடிக்கும் திருகாணிகளின் துளை, பலகையின் அகலவாக்கில் சற்று நீளமாக இருக்கிறதா? இருந்தால், செய்தவருக்கு மரத்தின் குணம் தெரியும். தைரியமாக விலை பேசலாம்.