முற்றத்துச் சேறு

ஐப்பசி கார்த்திகைத் திங்களில் காவிரிப் படுகையின் களிமண் முற்றங்கள் சேறாதல் அன்பர் அறிந்ததே. அறுபதைக் கடந்த எம்மனோர்க்கு அதில் ஒருமுறை வழுக்குதல் இடுப்பெலும்பிற்கே கேடாம்.

பலர் உடனே மணலைக் கொட்டுவர்; அது வீண் செலவென்பது எம் கருத்து. களித்துகள் 0.002 மில்லிமீட்டரினும் நுண்ணியது. சிறிது மணல் அதன் இயல்பை மாற்றமாட்டாது. முதற்கண் நீருக்கு வழிவிடல் வேண்டும். ஆதலின் கூரைநீரைக் குழாயாற் சேய்மைக்கட் செலுத்தி, சுவரினின்று 10 அடிக்கு அரையடி தாழுமாறு நிலத்தைச் சரித்து, எல்லையில் வாய்க்கால் வெட்டி உடைகல் நிரப்பினோம்.

நடைவழிக்கு மட்டும் நீற்றாத சுண்ணாம்பைத் தூவிக் கொத்திக் கலந்தோம். அது நீரையுண்டு வெம்மையெழுப்பி மண்ணை உலர்த்தும். களித்துகள்களைத் திரட்டியும் விடும். கண்ணிற் படின் பார்வைக்கே ஊறாதலின் சிறாரை அணுகவிடலாகாது. பூச்செடிகளின் வேரருகும் இடற்க. ஈரமண்ணை மிதித்தலோ, அதனை இறுக்கி நீரைத் தேக்கும்.

இவ்வாண்டு அடைமழை நீர் ஒரு பகலில் வடிந்தது. எம் இல்லாள் மாலை விளக்குடன் அச்சமின்றி வாயிற்படி இறங்கினாள்.