பலாச்சுளையும் குளிர்ந்த காப்பியும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

“காப்பி ஆறிவிடும், சீக்கிரம் வா!” என்று பிள்ளைகளை அழைக்காத தாய் நம் ஊரில் உண்டோ? காப்பி என்றால் சூடாக இருக்க வேண்டும்; தம்ளரிலிருந்து வட்டாவுக்கும் வட்டாவிலிருந்து தம்ளருக்கும் ஆற்றும்போது நுரை பொங்க வேண்டும். நம்மவர் வகுத்த இலக்கணம் இதுதான். ஆனால் சித்திரை மாதம் பிற்பகுதியில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் இந்த இலக்கணம் தளர்ந்து போகிறது. கடலூரிலாவது பிற்பகலில் கடற்காற்று வந்து காப்பாற்றும். கடல் சற்றுத் தள்ளியிருக்கும் சிதம்பரத்திலோ நண்பகல் வெயிலில் தேரோடும் வீதிகளே வெறிச்சோடிவிடும். அந்த வேளையில் கொதிக்கும் காப்பியை நீட்டினால் காப்பிப் பிரியர்களும் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள்.

நான் எழுதப்போவது குளிர்ந்த காப்பியைப் பற்றி. அதிலும் பலாப்பழம் சேர்த்த குளிர்ந்த காப்பியைப் பற்றி. “பலாவும் காப்பியுமா?” என்று சிரிக்கும் தோழியர் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். எங்கள் குடும்பத்தின் இரண்டு பிழைப்புகள் இந்தத் தம்ளரில் அடங்கியிருக்கின்றன.

என் அப்பாவைப் பெற்ற ஆயாவின் வீடு கேப்பர் மலைப் பக்கம் இருக்கிறது. அங்கே மண் செக்கச்செவேல் என்றிருக்கும். பண்ருட்டியைப் போலவே இங்கும் பலாவும் முந்திரியும் நன்றாக வளரும். ஆயாவுக்கு ஐந்து பலாமரங்கள் இருந்தன. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நம் மாவட்டத்தின் பலா, முந்திரித் தோப்புகள் அன்று பட்ட பாடு பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆயாவின் ஐந்து மரங்களில் நான்கு வேரோடு சாய்ந்தன. அப்போது நான் ஒரு வயதுக் குழந்தை. அடுத்த ஆண்டு தாத்தா புதுக் கன்றுகளை நட்டார். அவை காய்க்கத் தொடங்கியபோது தாத்தா எங்களுடன் இல்லை.

இப்போது ஆயா பருவ காலத்தில் சாலையோரம் அமர்ந்து சுளை விற்கிறார். பலா ஒரு விசித்திரமான பழம். மரத்தில் இருக்கும்வரை ராஜா. அறுத்துவிட்டால் அன்றே விற்றாக வேண்டும். வருக்கைப் பலாவின் சுளை கெட்டியாக, பார்க்க அழகாக இருக்கும். அதனால் மதியத்துக்குள் விற்றுவிடும். சுளை குழைந்திருக்கும் மற்ற வகையில் தேன் போன்ற இனிப்பு இருந்தும், அதைக் கையில் எடுக்க யாரும் விரும்புவதில்லை. மாலையில் மீந்ததெல்லாம் மாட்டுக்குத்தான் போகும். “மாடு கொழுக்குது, நான் இளைக்கிறேன்” என்று ஆயா வேடிக்கையாகச் சொல்வார். அவர் சொல்வது முழுவதும் வேடிக்கையல்ல என்பது எங்களுக்குத் தெரியும்.

என் அத்தை சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அத்தையும் மாமாவும் சிறிய காப்பிக் கடை வைத்திருக்கிறார்கள். காலையில் கோயிலுக்கு வருபவர்களும், அண்ணாமலை நகருக்குப் போகும் மாணவர்களும் அங்கே நிற்பார்கள். கோடையிலோ பதினோரு மணிக்கு மேல் நான்கு மணி வரை கடையில் ஈதான் உட்காரும். ஆள் வராவிட்டாலும் வாடகை குறையாதல்லவா? “இந்த ஆனித் திருமஞ்சனம் முடியட்டும், கடையை விட்டுடலாம்” என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர இருந்தாள்.

ஆக, கடலூரில் மாலையில் விற்காத பழம். சிதம்பரத்தில் நண்பகலில் விற்காத காப்பி. கோடை விடுமுறையில் ஒரு தூக்கு நிறையச் சுளையுடன் அத்தை வீட்டுக்குப் போனபோது இவ்விரண்டையும் சேர்த்தால் என்ன என்று எனக்கும் அத்தை மகளுக்கும் தோன்றியது.

சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் படித்துப் பார்த்தோம். காப்பியும் பழமும் அந்நியர்கள் அல்ல என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது. காப்பிக் கொட்டை என்பதே ஒரு சிவந்த பழத்தின் விதைதான். பாபா புதன் என்ற பெரியவர் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டு வந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்று செவிவழிச் செய்தி கூறுகிறது. நம் சேலம் மாவட்டத்து ஏற்காட்டில் காப்பியைப் பயிரிடத் தொடங்கியவர் 1820-களில் அங்கே கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர். காப்பியோடு பேரி, ஆப்பிள் போன்ற பழ மரங்களையும் அவர் கொண்டு வந்தார். குடகு மலையில் காப்பிச் செடிகளுக்கு இடையிலேயே ஆரஞ்சு மரங்கள் நிற்கும். போர்ச்சுக்கல் நாட்டில் எலுமிச்சை பிழிந்த குளிர்ந்த காப்பியை ‘மசக்ரான்’ என்று அழைத்துப் பருகுகிறார்கள். அல்ஜீரியாவில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது.

நம் திருச்சபைக்கும் காப்பிக்கும் கூட உறவு உண்டு. ‘கப்புச்சினோ’ என்ற காப்பிக்கு அப்பெயர் வந்தது கப்பூச்சின் சபைத் துறவியர் அணியும் பழுப்பு அங்கியின் நிறத்தால்தான். ஐஸ் வந்த கதையோ இன்னும் சுவையானது. 1833-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலேற்றிய ஏரிப் பனிக்கட்டி கல்கத்தா வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஒரு காலத்தில் கடல் கடந்து வந்த பொருளை இன்று நாம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே உறைய வைத்துக் கொள்கிறோம்!

அடுத்தது பால் திரியுமோ என்ற கேள்வி. மாமாவின் முதல் கேள்வியே அதுதான். நம் அறிவியல் ஆசிரியை வகுப்பில் சொன்ன பாடம் இங்கே கைகொடுத்தது. பாலின் பி.எச். மதிப்பு சுமார் 6.6. புளிப்பு சேரச் சேர அது குறையும். சுமார் 4.6-க்கு இறங்கும்போது கேசின் என்னும் பால் புரதம் திரண்டுவிடும். காப்பியே சற்று அமிலத் தன்மை உடையது. அதோடு எலுமிச்சையோ ஆரஞ்சோ சேர்ந்தால் பால் தாங்காது. ஆகவே அந்தப் பழங்களுக்குப் பாலில்லாக் கறுப்புக் காப்பியே ஏற்றது. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமிலெய்ன் என்ற நொதி இருப்பதால் பாலில் கலந்து வைத்தால் கசந்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். நன்கு பழுத்த பலாவில் புளிப்பு மிகக் குறைவு. எனவே அது பாலோடு ஒத்துப்போகும். சப்போட்டாவும் வாழையும் அப்படியே.

ஆயா, “வெல்லம் போடு, அதுதான் ஒடம்புக்கு நல்லது” என்றார். வெல்லம் சேர்ந்தால் சூடான பால் சில வேளை திரிந்துவிடும் என்று அம்மா நினைவுபடுத்தியதால் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரையையே எடுத்துக்கொண்டோம்.

இனி நான்கு தம்ளருக்கான செய்முறை:

முந்தின நாள் மாலை பில்டரின் மேல் பாத்திரத்தில் 40 கிராம் காப்பித் தூளைப் போட்டு லேசாக அழுத்தி, 200 மில்லி கொதிநீர் ஊற்றி மூடவும். தூள் கொஞ்சம் நீரைப் பிடித்துக் கொள்வதால் ஏறக்குறைய 120 மில்லி டிக்காஷன் இறங்கும். குளிர்ந்த காப்பிக்குச் சிக்கரி குறைவான தூளே நல்லது. (சிக்கரி கலந்த காப்பித் தூளிலும் குறைந்தது நூற்றுக்கு 51 பங்கு காப்பி இருக்க வேண்டும் என்பது சட்டம். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் அளவு தெரியும்.) டிக்காஷனில் பாதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கவும், மீதியைக் குளிர வைக்கவும். தண்ணீர் ஐஸ் போட்டால் கரையக் கரையக் காப்பி நீர்த்துப் போகும். டிக்காஷன் ஐஸ் கரைந்தாலும் காப்பிதானே!

கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பலாப்பால் ஒட்டாது. கொட்டை நீக்கிய ஆறு பெரிய சுளைகளை நறுக்கி, கால் தம்ளர் தண்ணீரும் நான்கு மேசைக்கரண்டி சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் சிறு தீயில் வேகவிடவும். அதற்கு மேல் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். ஆறியதும் மிக்சியில் அரைத்து, நார் போக வடிகட்டவும். இதுவே பலாப் பாகு. உப்பு எதற்கென்றால், அது காப்பியின் கசப்பைக் குறைத்துக் காட்டும். பாகு தனியாகச் சுவைக்கும்போது திகட்டுகிறதே என்று அஞ்ச வேண்டாம். குளிர்ந்த பண்டத்தில் இனிப்பு நாவுக்குக் குறைவாகவே தெரியும்.

அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, நன்றாகக் குளிர வைக்கவும். ஒவ்வொரு தம்ளரிலும் இரண்டு மேசைக்கரண்டி பாகு, அதன்மேல் டிக்காஷன் ஐஸ், பிறகு பால், கடைசியாக ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த டிக்காஷன் என்ற வரிசையில் ஊற்றினால் கீழே மஞ்சள், நடுவே வெள்ளை, மேலே பழுப்பு என்று மூன்று நிறம் தெரியும். பார்த்துவிட்டுக் கலக்கிக் குடிக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. துறைமுகப் பக்கம் மீனுக்காக விற்கும் ஐஸ் பாளத்தை வாங்கிக் குடிக்கும் பொருளில் போடவே கூடாது. அது குடிப்பதற்கென்று செய்யப்படுவதல்ல. வீட்டில் உறைய வைப்பதே பாதுகாப்பு.

முதல் தம்ளரை மாமாவிடம் நீட்டினோம். இருபது ஆண்டுகளாகக் காப்பி ஆற்றிய கை அவருடையது. ஒரு வாய் குடித்தார், ஒன்றும் பேசவில்லை. இன்னொரு வாய் குடித்தார். “காப்பின்னு சொல்லாதே. பலாக் காப்பின்னு சொல்லு. அப்பத்தான் வர்றவன் ஏமாந்த மாதிரி நினைக்க மாட்டான்” என்றார். அவர் சொன்ன பெயரையே சிலேட்டில் எழ்தி வாசலில் மாட்டினோம்.

முதல் நாள் 7 தம்ளர் விற்றது. அதில் இரண்டைப் பக்கத்துக் கடைக்காரர்கள் இரக்கப்பட்டு வாங்கினார்கள். ஒரு பெரியவர், “காப்பியைக் கெடுத்துட்டீங்களே!” என்று திட்டிவிட்டுச் சூடான காப்பி வாங்கிக் குடித்தார். நான்காம் நாள் கல்லூரி மாணவியர் சிலர் வந்தனர். மறுநாள் தோழிகளை அழைத்து வந்தனர். ஆனித் திருமஞ்சனக் கூட்டத்தின்போது பாகு நண்பகலுக்குள் தீர்ந்துவிட்டது.

அன்றாட ஏற்பாடு இப்படி அமைந்தது. மாலையில் மீந்த குழைந்த சுளையை ஆயாவும் அம்மாவும் அன்றிரவே பாகாக்கிவிடுவார்கள். வேலைக்காகத் தினமும் சிதம்பரம் போய்வரும் அப்பா காலை ரயிலில் அதைத் தூக்கில் எடுத்துப் போவார். பழத்துக்குக் காசு வாங்க ஆயா மறுத்தார். பெற்ற மகளிடம் எப்படி வாங்குவது? அத்தையோ விடவில்லை. “மக கணக்கு வேற, கடைக் கணக்கு வேற. நீ வாங்கலேன்னா நான் வெளியில பழம் வாங்கிக்கிறேன்” என்று சொல்லி வாரம்தோறும் பணத்தை அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். ஆயா அதை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொள்வார். மாடு மட்டும் சற்று இளைத்தது!

ஆயாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆகவே அவர் உழைப்பில் விளைந்த அந்தப் பானத்தை அவரால் ஒரு கரண்டிக்கு மேல் சுவைக்க முடியாது. “இனிப்பு எனக்கெதுக்கு? தாத்தா நட்ட மரம் வீணாப் போகலே, அது போதும்” என்றார்.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தளித்த பின் மீந்த துண்டுகளை வீணாக்காமல் சேர்த்து வைக்கும்படி ஆண்டவர் சீடர்களிடம் கூறியதை நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன அல்லவா? புதுமை செய்ய வல்லவரே மீந்ததை எண்ணிப் பார்த்தார் என்றால், ஐந்து மரத்தை நம்பி வாழ்பவர்கள் எண்ணாமல் இருக்க முடியுமா? ஊரெல்லாம் மலிந்து கிடக்கும் பருவத்தில் ஒரு பழத்துக்கு மதிப்பில்லாமல் போகிறது. அதன் பின்னே ஓர் ஆண்டு முழுவதும் காத்திருந்தவர் இருக்கிறார்.

பலாக் காலம் ஆடியோடு முடிந்தது. மாமா கடையை விடவில்லை. வாடகைச் சீட்டை மேலும் ஓர் ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார். மழைக்காலத்தில் சூடான காப்பிக்கு ஆள் வருவார்கள். வரும் சித்திரையில் என் பொதுத் தேர்வு முடிந்திருக்கும். ஆயாவின் மரங்களில் காய் பருத்திருக்கும். சப்போட்டாவை வைத்தும் ஒரு பாகு செய்து பார்க்க வேண்டும் என்று அத்தை மகள் கடிதம் எழுதியிருக்கிறாள்.