கார் சாவியை வைத்துவிட்டு ரயிலேறுங்கள்... பில்ஸ்னர் பிறந்த ஊருக்கு ஒரு பயணம்!

செக் குடியரசின் தலைநகர் ப்ராக் நகருக்குப் புதிதாகப் போய் இறங்குபவர்களுக்கு முதல் சில நாள்கள் கோட்டை, பழைய பாலம், மணிக்கூண்டு என்று ஓடிவிடும். அடுத்து பலரும் விசாரிப்பது, பில்சென் ஊருக்கு எப்படிப் போவது என்பதைத்தான். 'பில்ஸ்னர்' என்று உலகமே அழைக்கும் பொன்னிற பீர் பிறந்த ஊர் அது. ப்ராக்கிலிருந்து சுமார் 90 கி.மீ.

வாடகைக்கு ஒரு கார் எடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். பீர் குடிப்பதில் உலக அளவில் முன்னணியில் இருக்கும் நாடு இது. ஆனால், வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இருக்கக் கூடாது என்பது சட்டம். இந்தியாவில் 100 மி.லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் வரை விட்டுவைக்கிறார்கள். அங்கே வரம்பு பூஜ்யம்! 'ஒரே ஒரு கிளாஸ்தானே' என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் பில்சென் பயணத்துக்கு ரயில்தான் சரி.

ப்ராக்கின் மெட்ரோவில் மொத்தம் மூன்று பாதைகள். சிவப்பு நிற 'சி' பாதையில் ஏறினால் மத்திய ரயில் நிலையத்தின் அடியிலேயே இறங்கலாம். காகித டிக்கெட் வாங்கியவர்கள் நுழைவாயிலில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை பதிக்க வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம் நிச்சயம். புதியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

மத்திய ரயில் நிலையத்தின் பெரிய பலகையில் இரண்டு பட்டியல்கள் ஓடும். 'ஓட்யெஸ்டி' என்றால் புறப்பாடு. அதைப் பார்த்தால் போதும். நடைமேடை எண் ரயில் கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் தெரியவரும் என்பதால் பதற்றப்பட வேண்டாம். ஜெர்மனியின் மியூனிக் வரை போகும் விரைவு ரயில்களும் பில்சென் வழியாகவே செல்கின்றன.

ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரோவுங்கா ஆற்றை ஒட்டி ரயில் வளைந்து வளைந்து போகும். பில்சென் நெருங்கும்போது திடீரென்று இருட்டு. 2018-ல் திறக்கப்பட்ட எய்போவிட்சே சுரங்கப் பாதை அது. 4 கி.மீ-க்கு மேல் நீளும் அந்த நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கம். வெளிச்சம் வந்த சில நிமிடங்களில் பில்சென். மொத்தப் பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம்.

நிலையத்திலிருந்து பஸ், டிராம் எதுவும் தேவையில்லை. பத்துப் பதினைந்து நிமிட நடையில் இரட்டை வளைவு கொண்ட கல் வாயில் எதிரே நிற்கும். ஆலையின் 50-வது ஆண்டையொட்டி 1892-ல் கட்டியது. பாட்டில் லேபிளில் இருப்பதும் இதே வாயில்தான்.

இந்த ஆலை பிறந்ததே ஒரு கோபத்தில்தான். 1295-லிருந்தே பில்சென் நகரத்தார் வீடுகளில் பீர் காய்ச்சும் உரிமை பெற்றிருந்தார்கள். தரம் கெட்டுப்போய், 1838-ல் 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் முன் தெருவில் கொட்டினார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். பில்சென்னின் மென்மையான தண்ணீர், வெளிர் மால்ட், ஜாடெட்ஸ் பகுதியின் ஹாப்ஸ் பூ. 1842 அக்டோபர் 5-ல் க்ரோல் காய்ச்சிய பீர், அதுவரை பழகிய கறுத்த பீர் போல இல்லாமல் பொன்னாக மின்னியது. 1861, 1862-ல் பவேரியாவுக்கும் ப்ராக்குக்கும் ரயில் பாதை வந்ததும், அந்த பீர் இன்னும் வெகுதூரம் போனது. இன்று ரசிகர்களை அழைத்துவரும் ரயில்தான் அன்று பீரை உலகுக்குக் கொண்டுபோனது.

ஆலைக்குள் வழிகாட்டியுடன்தான் சுற்றிப் பார்க்க முடியும். முன்பதிவு நல்லது. நிலத்தடிப் பாதைகள் மட்டுமே சுமார் 9 கி.மீ. உள்ளே நடுங்கும் குளிர், ஸ்வெட்டர் அவசியம். முடிவில் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை நேராகப் பிடித்துத் தருவார்கள்.

பழைய நொதிக்கும் அறைகள்தான் இப்போது 'நா ஸ்பில்ட்சே' உணவகம். 500 பேருக்கு மேல் உட்காரலாம். ஒவ்வொரு கிளாஸுக்கும் சீட்டில் ஒரு கோடு விழும். கிளாஸ் காலியானால் அடுத்தது கேட்காமலேயே வரக்கூடும். போதும் என்றால் கிளாஸின் மேல் அட்டையை மூடி வைத்தால் போதும். குடிக்காதவர்களுக்கு, இதே நிறுவனத்தின் ஆல்கஹால் இல்லாத 'பிரெல்' உண்டு.

'நா ஸ்ட்ராவி' என்று சொல்லித்தான் அங்கே கிளாஸை உயர்த்துகிறார்கள். 'ஆரோக்கியத்துக்காக' என்று அர்த்தம். அளவோடு நிறுத்தி, திரும்பும் ரயிலின் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்தவருக்கே அந்த வார்த்தை பொருந்தும்!