மலையேறும் லொறியும் மின்விசிறியும்

மலையகத்திலே லொறியும் மனிதனைப் போல மூச்சு வாங்கும். கினிகத்தேனை வளைவுகளில் ஆவி கக்கி நிற்கும் லொறியைக் காணாதார் நம்மிற் சிலரே. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் இறுக்கமான மூடி அமுக்கத்தைக் காத்து அக்கொதிப்பைத் தள்ளிப்போடுகிறது. மூடி தளர்ந்தால் அக்காப்பு இல்லை.

கொழுந்து ஏற்றும் என் மைத்துனரின் சிறிய லொறிக்கு அண்மையில் மின்விசிறி பூட்டினோம். பெல்ட்டினால் சுழலும் பழைய விசிறி இயந்திரத்தின் வேகத்துக்கு அடிமை. ஏற்றத்திற் களைத்த லொறி வளைவில் வழிவிட்டு நிற்கையில், இயந்திரத்தோடு விசிறியும் மெல்லச் சுழலும். சூடோ எளிதில் தணியாது. பனி மூடிய காலையில் வேண்டாத காற்றை வீசி வலுவை வீணாக்கும். மின்விசிறியோ, வெப்பத்தை உணரும் கருவி ஏவும்போது சுழன்று, சூடு தணிந்ததும் ஓய்ந்துவிடும்.

ஆயினும் வேலை நுணுக்கமானது. ரேடியேட்டரின் பின்புறம் பூட்டும் விசிறி, காற்றை இயந்திரத்தின் பக்கம் இழுக்கவேண்டும். கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்புறம் வீசும். தடித்த கம்பியும் ரிலேயும் பியூசும் இன்றியமையாதன. பெருஞ்சுமை லொறிக்குச் சிறு மின்விசிறி போதாது என்பதையும் மறத்தலாகாது.

கொழுந்து காத்திராது. அழுத்திக் கட்டிய சாக்குக்குள் அது தானே சூடேறிச் சிவக்கும். மழையில் நின்று பறித்தவளின் உழைப்பும் அதனோடு தரம் குன்றும். அவசரத்திற் கொதிக்கும் மூடியைத் திறப்போர் கை வெந்துபோவதும் உண்டு. மாணவர்களே, பாடநூலிற் படிக்கும் வெப்பமும் அமுக்கமும் நம் வீதியிலேயே ஓடுகின்றன. கண் திறந்து பாருங்கள்.