இப்னே சஃபி: இரண்டு எழுத்துகளில் ஒரே வாசகர் கூட்டம்

இன்று ஜூலை 26. உருது மொழியில் மிகுதியாக விற்பனையான துப்பறியும் நாவலாசிரியர்களுள் முதன்மையானவரான இப்னே சஃபி பிறந்த நாள் இது. அவர் மறைந்த நாளும் இதுவே. 1928இல் அலகாபாத் மாவட்டத்தின் நாரா என்னும் சிற்றூரில் பிறந்தார். 1980இல், ஐம்பத்திரண்டு வயது நிறைவுற்ற அன்றே, கராச்சியில் புற்றுநோயால் காலமானார். 'ஜாசூசி துனியா' (துப்பறியும் உலகம்), 'இம்ரான் தொடர்' என்னும் இரு வரிசைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 245 நாவல்கள் எழுதினார். 'ஆக்ரி ஆத்மி' (கடைசி மனிதன்) என்ற நாவல் முடிவடையாமல் இருந்தபோது அவர் முடிந்துபோனார்.

மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்குக் கொலையும் மர்மமும் நிறைந்த மலிவுப் பதிப்புகளில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கருத்தரங்கு ஒன்றில் மூத்த அறிஞர் ஒருவர் இதையே சற்றுக் கடுமையாகக் கேட்டார்: "இவற்றையெல்லாம் தரவு என்று எப்படி ஏற்பது?" அன்று எனக்குக் கிடைத்தவை இரண்டு நிமிடங்கள். இங்கே சற்று விரிவாகச் சொல்ல முயல்கிறேன்.

அவருடைய இயற்பெயர் அஸ்ரார் அஹ்மத். தந்தை பெயர் சஃபியுல்லா. 'இப்ன்' என்றால் அரபியில் மகன். இப்னே சஃபி என்றால் சஃபியின் மகன். நாவலாசிரியர் ஆவதற்கு முன்பு அவர் கவிஞர். பிறந்த ஊரைத் தன் பெயரோடு சேர்த்து அஸ்ரார் நார்வி என்று கஜல்கள் எழுதினார். துக்ரல் ஃபர்கான் என்ற பெயரில் அங்கதம் எழுதினார். அலகாபாதில் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். 1948 முதல் அப்பாஸ் ஹுசைனியின் 'நக்ஹத்' பதிப்பகத்தோடு இணைந்திருந்தார்.

அவர் துப்பறியும் கதைக்கு வந்த விதம் உருது வாசகர்களிடையே பலமுறை சொல்லப்பட்ட ஒன்று. நண்பர்கள் கூடிய இடத்தில், ஆபாசம் கலந்தால்தான் உருதுவில் நூல்கள் விற்கும் என்று ஒருவர் சொல்ல, இளைஞர் அஸ்ரார் அதை மறுத்தார். அம்மறுப்பின் விளைவாக 1952 மார்ச்சில் 'ஜாசூசி துனியா' மாத வெளியீடாகத் தொடங்கியது. முதல் நாவல் 'திலேர் முஜ்ரிம்', அதாவது துணிச்சலான குற்றவாளி. அதன் கதைக்கரு விக்டர் கன் என்னும் ஆங்கில எழுத்தாளருடையது. சில தொடக்கக்கால நாவல்களின் கருக்களை ஆங்கிலத்திலிருந்து எடுத்ததை இப்னே சஃபி மறைக்கவில்லை. தாமே எழுதி ஒப்புக்கொண்டார். ஆனால் அக்கருவுக்குள் நடமாடிய ஃபரீதியும் ஹமீதும் அவருடைய படைப்புகள். நிதானமும் கடமையுணர்வும் கொண்ட அதிகாரி ஃபரீதி. குறும்பும் சலிப்பும் பெண்கள்மீது மயக்கமும் கொண்ட உதவியாளன் ஹமீது.

இனி, காலப்பின்னணி. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் உறுப்பு தேவநாகரியில் எழுதப்படும் இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கியது. 351ஆம் உறுப்பு, அம்மொழி தன் சொல்வளத்துக்கு முதன்மையாகச் சமஸ்கிருதத்தை நாட வேண்டும் என்றது. 1951இல் உத்தரப் பிரதேசமும் தேவநாகரி இந்தியைத் தன் ஆட்சிமொழியாக அறிவித்தது. எல்லைக்கு அப்பால், பாகிஸ்தான் உருதுவைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. வீட்டிலும் சந்தையிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்த ஒரு பேச்சு, எழுத்தாலும் சட்டத்தாலும் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. அந்தப் பிளவின் நடுவில், அதே உத்தரப் பிரதேசத்தின் அலகாபாதிலிருந்து, உருதுவில் ஒரு மாத நாவல் புறப்படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் எழுத்தாளர் தாயுடனும் தங்கையுடனும் கராச்சிக்குக் குடிபெயர்கிறார். தந்தை முன்பே அங்கே சென்றிருந்தார். எழுத்தாளர் எல்லையைக் கடந்தார். பதிப்பாளர் அலகாபாதிலேயே இருந்தார். அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவருடைய நாவல்கள் இரு நாடுகளிலும் வெளிவந்தன.

அலகாபாதில் இன்னொன்றும் நடந்தது. 1952 முடிவதற்குள்ளேயே இந்நாவல்கள் தேவநாகரியிலும் அச்சாகத் தொடங்கின. அவற்றை இந்திக்குக் கொண்டுவந்தவர் பிரேம் பிரகாஷ். இந்திப் பதிப்பில் ஃபரீதியின் பெயர் வினோத் ஆயிற்று. 1955இல் தொடங்கிய இம்ரான் தொடரின் நாயகன் இம்ரான், இந்தியில் ராஜேஷ் ஆனான். ஆனால் ஹமீது ஹமீதாகவே இருந்தான்.

என் ஆய்வில் நான் நெடுநேரம் நின்ற இடம் இது. நாயகன் பெயரை மாற்றினால்தான் இந்தி வாசகர் ஏற்பார் என்ற வணிகக் கணக்கு அதன் பின்னால் இருந்திருக்கலாம். அதைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஆனால் அக்கணக்கின் விளைவு வேறுவிதமாக அமைந்துவிட்டது. உருதுவில் ஃபரீதி–ஹமீது இருவரும் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். இந்தியில் வினோத்–ஹமீது என்று ஆனபோது, பிரிவினையின் இரத்தம் காயாத ஆண்டுகளில், ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் ஒரே காரில் ஏறி, ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு, மாதந்தோறும் குற்றவாளிகளைத் துரத்தினார்கள். எந்தத் தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. அட்டையில் துப்பாக்கி வரைந்த ஒரு மலிவுப் பதிப்பில், ஒரு பெயர் மாற்றத்தால், தற்செயலாக நிகழ்ந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கதை நடக்கும் சொந்த நாட்டுக்கு அவர் பெயர் சொல்வதில்லை. ஷக்ரால், கராகால் போன்ற கற்பனைப் பகுதிகள் வரும். 'ஜீரோலேண்ட்' என்னும் மர்ம வல்லரசு வரும். ஆனால் நாயகர்கள் காக்கும் நாடு 'நம் நாடு' மட்டுமே. அலகாபாதில் படித்தவர் அதை இந்தியா என்று கொண்டார். கராச்சியில் படித்தவர் பாகிஸ்தான் என்று கொண்டார். இரு நாடுகளும் ஒன்றையொன்று எதிரியாக வரையறுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், இரு பக்கத்திலும் ஒரே உளவாளியைத் 'தம்மவன்' என்று மக்கள் நம்பியிருக்கிறார்கள்.

இம்ரானைப் பற்றி ஒரு சொல். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன், தந்தையால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவன், பழமொழிகளைப் பிழையாகச் சொல்பவன், கவிதை வரிகளைக் கண்ட இடத்தில் ஒட்டுபவன். பார்ப்பவர்களுக்கு முட்டாள். ஆனால் இரகசியப் பிரிவின் தலைவனான 'எக்ஸ்-டூ' அவனே. தொலைபேசியில் குரலை மாற்றி அவன் ஆணையிடும்போது அவனுடைய பணியாளர்களே நடுங்குவார்கள். அதே மனிதன் எதிரே அமர்ந்து உளறும்போது எள்ளி நகையாடுவார்கள். ஒரே வாய், இரண்டு குரல்கள். கேட்பவர்களோ இருவர் என்றே நம்புகிறார்கள். இந்தி–உருது உறவை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உவமை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

புகழின் உச்சியில், 1960இல், அவருக்குக் கடுமையான மனநோய் கண்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எழுதவில்லை. அந்த இடைவெளியில், அவர் பெயரைப் போலவே தோன்றும் பெயர்களில் போலி எழுத்தாளர்கள் பலர் முளைத்தார்கள். உருது எழுத்தில் குற்றுயிர்கள் பொதுவாக எழுதப்படுவதில்லை. ஒரே எழுத்துக்கூட்டை வெவ்வேறாக உச்சரிக்க இடமுண்டு. வாசகரை ஏமாற்றுவதற்கு எழுத்துமுறையே உதவியது. கராச்சியில் ஒரு ஹகீமின் சிகிச்சையில் அவர் தேறினார். திரும்பி வந்து எழுதிய நாவலின் பெயர் 'டேட் மத்வாலே': ஒன்றரைப் பித்தர்கள். மனநோயிலிருந்து மீண்டவர் தம் மறுவருகைக்கு வைத்த தலைப்பு இது என்பதை எண்ணிப் பாருங்கள். 1963 நவம்பரில் அதன் இந்தியப் பதிப்பை வெளியிட்டவர் லால் பகதூர் சாஸ்திரி. காமராஜர் திட்டத்தின்படி அவ்வாண்டு ஆகஸ்டில்தான் அவர் உள்துறை அமைச்சர் பதவியைத் துறந்திருந்தார். பாகிஸ்தானில் வாழும் ஓர் எழுத்தாளரின் துப்பறியும் நாவலை, பின்னாளில் இந்தியாவின் பிரதமரானவர் வெளியிட்டார். ஒரு வாரத்துக்குள் இரண்டாம் பதிப்பு வந்தது.

இவ்வளவையும் நான் நூல்களிலிருந்து அறிந்தேன். நூல்களில் இல்லாத ஒன்றை ஹைதராபாதில் என் வீட்டுக்காரரிடமிருந்து அறிந்தேன். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். நான் அவரைச் சாச்சா என்று அழைப்பேன். கண்ணில் நீர் அழுத்த நோய் முற்றியதால் அவரால் இப்போது படிக்க இயலாது. ஆபிட்ஸ் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் விரிக்கப்படும் பழைய புத்தகக் கடைகளில் நான் வாங்கிவந்த 'ஜாசூசி துனியா' பிரதிகளைக் கண்டதும், "பேட்டா, இதை உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அன்று முதல் வாரத்தில் இரண்டு மாலைகள் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

சாச்சா பள்ளிப்படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். நாளுக்குச் சில காசு வாடகைக்கு நாவல்களைத் தரும் கடையில்தான் தன் உருது வாசிப்பு வளர்ந்தது என்பார். மறுநாள் காலையில் திருப்பித் தராவிட்டால் மேற்கொண்டு வாடகை. ஆகையால் தெருவிளக்கின் கீழ் வேகமாகப் படிக்கப் பழகினாராம். காஃப் என்னும் அடித்தொண்டை ஒலியை நான் தமிழ் நாக்கால் 'க' என்கிறேன். தக்கண உருதுவில் பிறந்த அவர், வேறொரு கரகரப்பொலியால் அதைச் சொல்கிறார். காசிம் என்ற பாத்திரத்தின் பெயரை நாங்கள் இருவருமே அலகாபாத்காரரைப் போல உச்சரிப்பதில்லை. அதில் எங்கள் இருவருக்கும் சிரிப்பு உண்டு.

அவருக்கு நான்கு பேரப்பிள்ளைகள். நால்வரும் வீட்டில் சரளமாக உருது பேசுகிறார்கள். ஒருவருக்கும் உருது எழுத்து படிக்கத் தெரியாது. ஆங்கிலமும் தெலுங்கும் இந்தியும் பள்ளியில் படித்தார்கள். உருதுவுக்கு நேர அட்டவணையில் இடமில்லை. நான் படிக்கும்போது மூத்த பேத்தி அருகில் வந்து அமர்வாள். ஹமீதின் நையாண்டிக்கு அவள் சிரிப்பாள். ஒரு சொல்லும் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் புத்தகத்தை நீட்டினால் தயங்குவாள். ஒருநாள் சாச்சா யாரையும் குறைசொல்லாத குரலில் சொன்னார்: "என் மொழியை என் வீட்டுப் பிள்ளைகள் பேசுகிறார்கள். எனக்குப் படித்துக் காட்ட மதராஸிலிருந்து ஒருவர் வர வேண்டியிருக்கிறது."

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உருதுவைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 5 கோடிக்கும் மேல். அந்த எண்ணைப் பார்த்து ஒரு மொழி நலமாக இருக்கிறது என்று முடிவுசெய்துவிடலாம். எத்தனை பேர் அதை விருப்பத்தோடு படிக்கிறார்கள் என்ற கேள்வி அந்த அட்டவணையில் இல்லை. தேர்வுக்காகப் படித்த எழுத்து தேர்வு முடிந்ததும் மங்கும். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்ற தவிப்போடு படித்த எழுத்து, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், கண் மங்கிய பிறகும், செவியில் நிற்கிறது. செவ்விலக்கியம் ஒரு மொழிக்கு மதிப்பைத் தருகிறது. அம்மொழியின் எழுத்தைச் சாமானிய மனிதரின் அன்றாடப் பழக்கமாக்குவது பெரும்பாலும் இத்தகைய நூல்கள்தாம். அம்மூத்த அறிஞருக்கு என் விடை இதுவே: ஒரு மொழியை மக்கள் எதற்காகப் படித்தார்கள் என்பதும் தரவுதான்.

இதை நான் உருதுவில் கண்டறிந்தேன் என்பது முழு உண்மையாகாது. என் அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் ஆகியோரின் மாத நாவல்கள் இல்லையென்றால் அவருடைய வாசிப்பு ரேஷன் அட்டையோடும் மின்கட்டண ரசீதோடும் நின்றிருக்கும். சோறு வேகும் நேரத்தில் இரண்டு பக்கம், பேருந்துக்குக் காத்திருக்கையில் மூன்று பக்கம் என்று அவர் படித்த பழக்கமே எனக்கு எழுத்தின்மீது பற்று உண்டாகக் காரணம். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் வெகுசன நாவலாசிரியர்களின் தொகுப்பையும், 2011இல் இப்னே சஃபியின் நான்கு நாவல்களையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அந்நாவல்களை மொழிபெயர்த்தவர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி: மீர் கவிதைகளுக்குப் பேருரை எழுதிய மாபெரும் திறனாய்வாளர். அவருக்கு இது கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை.

ஆகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மாத நாவல்கள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மலிவுத் தாள் விரைவில் பொடிந்துவிடும். நூலகங்கள் பெரும்பாலும் இவற்றைச் சேர்த்து வைப்பதில்லை. முதல் பக்கத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது, வாடகை நூலக முத்திரை உண்டா, ஓரங்களில் என்ன குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படம் எடுத்துக் கீழே பகிருங்கள். அதை வீட்டில் படித்தவர் யார், என்ன வயதில் படித்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.